நாவலேரி முதல் டிரிப்

திட்டாதவனுக்கு பஸ் தேவையில்லை என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு, பதினோரு வருஷம் முழு மனதோடு நம்பினேன்.

இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று. விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். முட்டி வலி என்று எழுதிக் கொடுத்தேன். முட்டியும் வலித்தது என்பது வேறு விஷயம். புதிதாக அந்தக் கூண்டுக்குள் உட்காரப் போகும் தம்பிகளும் தங்கைகளுமான நீங்கள் நேற்று என்னைப் பார்க்க வந்து, "சார், உங்க அனுபவத்துல எதாவது சொல்லுங்க, ஜாலியா இருக்கும்" என்றீர்கள். ஜாலியாகத்தான் சொல்லப் போகிறேன். கடைசிவரை ஜாலியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

சார்ட் எழுதுவது, கண்டக்டர் கொண்டுவரும் தாளில் நேரம் குறிப்பது, இதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். சொல்லித் தராதது ஒன்று இருக்கிறது. விடிவதற்கு முன்பே டெப்போவிலிருந்து போன் வரும். "இன்னைக்கு மூணு வண்டி இல்லப்பா." ஒன்றுக்கு பிரேக் சரியில்லை. ஒன்றுக்கு டிரைவர் இல்லை. மூன்றாவது ஏன் இல்லை என்று கேட்டால் பேசுகிறவருக்கே தெரியாது. உங்கள் முன்னால் இருக்கும் பட்டியலில் மூன்று டிரிப்பை நீங்கள் கோடு போட்டு அடிக்க வேண்டும், அதாவது ரத்து செய்ய வேண்டும். எந்த மூன்றை?

எனக்கு முன்னால் அந்தக் கூண்டில் இருந்தவரிடம் முதல் நாளே கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "எந்த வண்டிய எடுத்தா போன் வராதோ, அத எடு." பாடம் ஐந்து நொடியில் முடிந்தது. எனக்கு அவர் ஞானியாகத் தெரிந்தார். அடுத்த வாரம் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார்.

அப்படிப் பார்த்தால் கேம்ப் ரோடு வண்டிகளைத் தொடவே முடியாது. அந்த வழியில் இருக்கும் சேலையூர் காலனி ஒன்றில் நலச்சங்கச் செயலாளர் ஒருவர் இருந்தார், பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு நாற்பது வண்டி மூன்று நிமிஷம் தாமதமானால் போன் அடிப்பார். ஹலோ எல்லாம் கிடையாது. "சிக்ஸ் ஃபார்ட்டி த்ரீ!" என்பார். அவ்வளவுதான், வைத்துவிடுவார். நான் அந்தக் கறுப்பு போனைப் பார்த்துப் பதறி எழுந்து நின்று "சாரி சார்" சொல்வேன், வைத்துவிட்ட போனிடம். டீக்கடைப் பையன்கள் முன்னால் இதை நடித்துக் காட்டியே எனக்குப் பாதி நாள் ஓசி டீ கிடைத்தது.

நாவலேரியிலிருந்து போன் வராது.

அகரம் தாண்டி, ஏரிக்கரையோடு போய் ரோடு முட்டி நிற்கும் இடத்தில் இருக்கும் ஊர் அது. காலை ஐந்துக்குத் தாம்பரத்திலிருந்து புறப்படும் முதல் வண்டி ஐந்து முப்பத்தைந்துக்கு அங்கே போய்த் திரும்பும். ஆறேகாலுக்குத் தாம்பரம் வந்துவிடும். அதில் வருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள், ஸ்கூலில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பூக்காரிகள். வண்டி வரவில்லையென்றால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு மெயின் ரோடு வரை நடப்பார்கள். வேலைக்குத் தாமதமாகிவிட்டதே என்ற பயத்தில் இருக்கிறவர்கள் எங்கே நின்று யாருக்கு போன் பண்ணுவார்கள்? இதை நான் இப்போது கேட்கிறேன். அப்போது நான் எழுதியது, "புகார் இல்லை."

முதலில் வாரத்துக்கு ஒரு நாள் நாவலேரி டிரிப்பை அடித்தேன். பிறகு இரண்டு. ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். கூண்டின் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது சொல்லலாம். பக்கத்துப் பெஞ்சில் அவருடைய கணவர், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முகம் உப்பி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், நாவலேரி வண்டி இன்னைக்கு இன்னா ஆச்சு?"

"பிரேக் டவுன்மா." பொய். அந்த வண்டி அப்போது கேம்ப் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"செவ்வாக்கெயமயும் பிரேக் டவுன்னு சொன்னாங்களே."

"பழைய வண்டிம்மா."

"நானுந்தான் சார் பழைய வண்டி. டெய்லி ஓடிகினுதான் கீறேன்."

வாயாடி என்று பெயர் வாங்கிய ஆள் நான். அன்று ஜன்னல் கம்பியைத் துடைத்தேன்.

அவர் பெயர் ஸ்டெல்லா. கணவர் ஜோசப், பெயிண்டராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தாம்பரத்தில் தர்மத்துக்கு டயாலிசிஸ் செய்யும் இடம் ஒன்றில் செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரைக்கு அவருக்கு ஒரு படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். கணவரை அங்கே விட்டுவிட்டு ஸ்டெல்லா சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் பெருக்கப் போவார்.

"பத்து நிமிசம் லேட்டானா அடுத்து நிக்கிறவர ஏத்திடுவாங்க சார். தப்பு சொல்ல முடியாது, அவங்களும் நம்மள மாதிரிதான். ஒரு மாசத்துல மூணு வாட்டி மிஸ் ஆனா பெட்டு கைவுட்டுப் போயிடும். இந்த மாசம் ரெண்டு ஆயிடுச்சு."

எனக்கு வேர்த்துவிட்டது. கையில் இருந்த பேனாவைப் பல்லில் கடித்து, மூடியை விழுங்கப் பார்த்து, இருமி, ஒரு கூத்து. என்ன செய்தேன் என்கிறீர்கள்? இனிமேல் அந்த டிரிப்பை அடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் டீ சொன்னேன். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீரே அளந்துதான் என்று அந்தம்மா சொன்ன பிறகு அந்த டீயையும் நானே குடித்தேன்.

போகும்போது ஸ்டெல்லா மாத்திரைச் சீட்டின் பின்னால் நம்பர் எழுதிக் கொடுத்தார். "வண்டி கண்டிப்பா வுடணும்னு கேக்கல சார். பெரிய எடத்து சமாச்சாரம். வராதுன்னா மட்டும் நாலே முக்காலுக்கு ஒரு போன் போடுங்க. வேற எதுனா பாத்துக்குறோம்."

இவ்வளவு சின்ன உதவி. நான் பெரிய மனிதனாகிவிட்டேன். வண்டி இல்லாத நாட்களில் நாலே முக்காலுக்குத் தவறாமல் போன் போட்டேன். "ஸ்டெல்லாம்மா, இன்னைக்கு இல்ல." "சரி சார், தேங்ஸ் சார்." அந்தம்மா தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிடுவார். யாரும் வீணாக நிற்பதில்லை. வீட்டில் மனைவியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "ஊருக்கே ஃபோன்ல சேவை பண்றேன் பாரு" என்றேன். அவள், "பஸ்ஸ விடறதுதானே உங்க சேவை?" என்று கேட்டுவிட்டு இட்லி எடுத்து வைத்தாள்.

தம்பிகளா, இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். முன்பு நாவலேரி டிரிப்பை அடிக்கும்போது எங்கேயோ ஒரு உறுத்தல் இருந்தது. போன் போட ஆரம்பித்ததும் அது போய்விட்டது. சொல்லித்தானே அடிக்கிறோம், யாரும் நிற்கவில்லையே! வாரத்துக்கு இரண்டாக இருந்தது நாலாயிற்று. அந்த டிரிப்பில் பெண்களுக்கு இலவசம் என்று முன்கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தது. ஆமாம், இலவசம்தான். வண்டிதான் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் நான் போன் போட்டதும் ஸ்டெல்லா சொன்னார்: "சார், இனிமே உங்களுக்குத் தொல்ல வேணாம். நாங்க ஆறு பேரு சேந்து ஒரு ஷேர் ஆட்டோ பேசிட்டோம். அஞ்சு இருவதுக்கு எடுத்துடுவான். இத்தினி நாளு தூங்காம போன் போட்டீங்க, நல்லா இருக்கணும் சார்."

எனக்கு ஆசீர்வாதம்! நான் அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த ஊரில் என்ன நடந்தது என்பதெல்லாம் எனக்கு மெதுவாகத்தான் காதில் விழுந்தது. ஆட்டோவில் இடம் பிடிக்க முடியாத இரண்டு பேர் வேலையை விட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மடிப்பாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டார். காலேஜ் சேர்ந்த ஒரு பெண்ணை, போகும் வழிக்குத் துணையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். நம் கண்டக்டர் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். "பஸ்கூட இல்லாத ஊராங்கிறான்ணே, பொண்ணு பாக்க வர்றவன்" என்று சிரித்தபடி சொன்னார். நானும் சிரித்தேன்.

பிறகு ஜனவரியில் ஒரு புதன்கிழமை மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. ஆள் ஏறாத தடங்களை எடுத்துவிட்டு அந்த வண்டிகளை ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர் பக்கம் விடப் போகிறார்கள். நாளை வியாழக்கிழமை நாவலேரி முதல் டிரிப்பில் இன்ஸ்பெக்டர் வந்து தலை எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால் தடம் முழுக்க ரத்து.

வியாழக்கிழமை. ஜோசப்பின் நாள். ஆட்டோக்காரன் ஒரு நாள் வராவிட்டால் அவருக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது என்பது அப்போதுதான் என் மண்டைக்கு எட்டியது. அதுவரை வண்டி இல்லாவிட்டாலும், தடம் என்று ஒன்று இருந்தது. என்றைக்காவது வரும். இனி அதுவும் இல்லை.

அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் நான் ஆடிய ஆட்டத்தைக் கேளுங்கள். வலது காலில் என் செருப்பு, இடது காலில் என் மனைவியின் செருப்பு, அப்படியே பஸ் ஸ்டாண்ட் முழுக்க நடந்திருக்கிறேன். வண்டியை நிரப்ப வேண்டும். நாளைக் காலை ஐந்து மணி வண்டிக்கு ஆள் வேண்டும். முதலில் என் மச்சானைப் பிடித்தேன், மனைவியின் தம்பி, சேலையூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

"மாமா, காலைல அஞ்சு மணிக்கா? நாவலேரில எனக்கு என்ன வேலை?"

"சும்மா உக்காந்துட்டு வாடா."

"உக்கார்றதுக்கு எங்க வூட்லயே சேர் கீது மாமா."

ஆனால் அவன்தான் ஒரு யோசனை சொன்னான். அவன் கடைக்கு எதிர்த்தாற்போல் காலனி வாக்கிங் சங்கம் தினமும் காலையில் கூடுகிறது. முப்பது பேர். ஐந்து மணிக்கு ஷூ கட்டிக்கொண்டு தயாராக நிற்பவர்கள் தாம்பரம் வட்டாரத்திலேயே அவர்கள்தான். சங்கத்தின் தலைவர் யார்? நம்முடைய சிக்ஸ் ஃபார்ட்டி த்ரீ!

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவருக்கு போன் செய்தேன். நாவலேரி ஏரிக்குக் கூழைக்கடா கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள், நாளை முதல் வண்டி உங்கள் ஸ்டாப்பில் நிற்கும் என்று புளுகினேன்.

"பெலிக்கன்ஸ்? ஆர் யூ ஷ்யூர்?"

"என் கண்ணால பாத்தேன் சார்." நான் நாவலேரிக்குப் போனதே கிடையாது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு கடைசி ஸீட்டில் உட்கார்ந்தேன். தாம்பரத்தில் என் மச்சானும் அவன் நண்பர்கள் ஏழு பேரும். சேலையூரில் வெள்ளை ஷூக்களாக முப்பத்தொரு பேர் ஏறினார்கள். வண்டி நிரம்பி வழிந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாண்ணே இது, கல்யாண வண்டியா?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் சின்ன வயசுப் பெண், கையில் அட்டை, அதில் கிளிப் மாட்டிய தாள். ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தார். நான் மப்ளருக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடத்தைக் காப்பாற்றிய மகான் போல இருந்தது.

"சார், நீங்க தினமும் இந்த வண்டில வருவீங்களா?" என்று அவர் செயலாளரைக் கேட்டார்.

"நோ நோ. டுடே ஒன்லி. பெலிக்கன் பார்க்க. பட் ஐ மஸ்ட் ஸே, வண்டி நாலு நிமிஷம் லேட்."

அந்தப் பெண் ஏதோ எழுதினார். நான் மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டேன்.

ஏரிக்கரையில் ஒரு சிறு பாலம் வரும். ஒரு வண்டிதான் போகலாம். எதிரே ஒரு ஷேர் ஆட்டோ பாலத்தில் பாதி வந்திருந்தது. எங்கள் ஹெட்லைட்டைப் பார்த்ததும் பின்னால் போய் ஒதுங்கி வழி விட்டது. எங்கள் வெளிச்சம் ஆட்டோவுக்குள் விழுந்தது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஸ்வெட்டர் போட்ட ஜோசப். அவர் விழுந்துவிடாமல் குறுக்கே கையைக் கொடுத்துப் பிடித்தபடி ஸ்டெல்லா. அந்தம்மா நிமிர்ந்து எங்கள் வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல் நாள் முழுக்க எத்தனை பேருக்கு போன் போட்டேன்! மச்சான், மச்சானின் நண்பன், நண்பனின் ஓனர், வாக்கிங் சங்கம். என் போனில் ஸ்டெல்லாவின் நம்பர் இருந்தது. நாளைக்கு வண்டி வருகிறது, ஊரில் எல்லோரையும் ஸ்டாப்பில் நிற்கச் சொல்லுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. எனக்குத் தோன்றவே இல்லை. வண்டி இல்லை என்று சொல்வதற்கான நம்பராகவே அது என் புத்தியில் பதிந்திருந்தது. பஸ் வருகிறது என்று பயணியிடம் சொல்லத் தெரியாத டைம் கீப்பரை நீங்கள் வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

நாவலேரி ஸ்டாப்பில் யாரும் இல்லை. ஒரு நாய் இருந்தது. பால் கேனோடு சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் இறங்கி அவரை நிறுத்தினார்.

"இங்க முதல் வண்டிக்கு யாரும் வர மாட்டாங்களா?"

"எந்த வண்டிம்மா?"

"இதான். நாவலேரி வண்டி."

"அது வராதே."

"வந்திருக்குல்ல?"

"இன்னைக்கு வந்துகீது." அவர் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். "அவங்க அவங்க ஆட்டோ புட்சிகினு போய்ட்டாங்க. இனிமே இதுக்கு எவன் வருவான்?"

நான் இறங்கி ஓடினேன். மப்ளரைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான்தான் டைம் கீப்பர், நான்தான் இந்த டிரிப்பை அடித்து அடித்து ஆட்களை விரட்டினேன், ஊரில் ஆள் இருக்கிறது, எதிரே போன ஆட்டோவில்தான் போகிறார்கள். மூச்சு வாங்கியது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், இந்தத் தாள்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஸ்டாப்ல ஏறினவங்க, இறங்கினவங்க. நீங்க சொல்றத எந்தக் கட்டத்துல எழுதட்டும்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். தாளின் அடியில் ஒரு வரி எழுதினார்: இவ்வூர் மக்கள் மாற்று வாகனம் பயன்படுத்துவதால் பேருந்து அவசியமில்லை எனத் தெரிவித்தனர். அவர் பின்னால் வெள்ளை ஷூக்கள் இருட்டில் ஏரியைத் தேடிக்கொண்டிருந்தன. "வேர் ஆர் தி பெலிக்கன்ஸ்?" என்று ஒரு குரல் கேட்டது.

சனிக்கிழமை ஸ்டெல்லா கூண்டுப் பக்கம் வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். "வியாயக்கெயம வண்டியப் பாத்தேன் சார்" என்றார். "உள்ள அத்தினி பேரு. எல்லாரும் ஷூ போட்டுகினு. ஆருங்க சார் அவங்க?"

"சொந்தக்காரங்கம்மா."

"எங்கூர்லயா? ஆரு வூட்டுக்கு?"

நான் சொல்லவில்லை. இப்போது எழுத்தில் உங்களிடம்தான் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் ஒரு ஊர் சத்தம் போடாமல் இருந்தால், சத்தம் போடுவதை அது எப்போது நிறுத்தியது என்று கேளுங்கள். டூட்டி முடிந்ததும் ஒரு நாள் அந்த வண்டியில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய்ப் பாருங்கள். வண்டியை அடித்தே ஆக வேண்டுமென்றால் சத்தம் போடுகிறவனுடையதையும் முறை வைத்து அடியுங்கள். திட்டு விழும். திட்டினால் யாரும் சாவதில்லை. வேண்டுமானால் சர்டிபிகேட் தருகிறேன், பதினோரு வருஷம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நாவலேரி தடம் ரத்தானது. ஷேர் ஆட்டோக்காரருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேலை கிடைத்தது, மார்ச்சில் போய்விட்டார். அந்த மாதம் ஜோசப் நான்கு தடவை நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆறரை மணிப் படுக்கையைக் காத்திருந்த இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். ஜூன் மாதம் இரண்டாவது வாரம் ஜோசப் இறந்துபோனார்.